அக்காவின் பின்சக்கரம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பொழுது ஒரு சத்தத்தோடு விடியும். உஸ்ஸென்று காற்று போகும் சத்தம். வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் அக்காவின் சைக்கிள் பக்கத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிடுவார். பிறகு கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பார். விரல் உள்ளே போகிற அளவுக்கு டயர் இளகியிருந்தால்தான் அவருக்கு நிம்மதி. “ம், இப்ப போ” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

அது பந்தய சைக்கிள். சென்னையில் வேலை செய்த மாமா புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மணி கூடக் கிடையாது. டயரின் அகலம் என்னுடைய இரண்டு விரல். மாமா வீட்டு பால்கனியில் பல வருஷம் வெயிலில் கிடந்ததால் அந்த ரப்பரில் பொடிப் பொடியாக வெடிப்புகள் இருந்தன. ஆனால் தூக்கினால் ஒரு கையில் வந்துவிடும். ஆரணியில் அப்படி ஒரு சைக்கிளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அக்கா அதில் தெருவைக் கடக்கும்போது தறியில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள்.

அக்கா அப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. கல்லூரி விளையாட்டு விழாவில் அவள் சைக்கிள் மிதித்ததைப் பார்த்த பி.டி. சார், பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு ரோட்டில் பயிற்சி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயமும் வந்து குடியேறியது.

அப்பாவுக்குப் பயம் வந்ததில் நியாயம் இருந்தது. அவர் செய்யார் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டினார். ஷிஃப்ட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வருவது அவர் வேலை. ஐந்து நிமிஷம் தாமதமானால் கேட்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதனால் கம்பெனி பஸ்கள் எப்படிப் பறக்கும் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். யாரையும்விட அப்பாவுக்கு அதிகம் தெரியும். சில நாட்களில் வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிடுவார். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். வழியில் எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். அன்று முழுவதும் நான் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்ப்பேன்.

அக்கா பயிற்சிக்குப் போகட்டும் என்று அவர் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டயரில் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும். காற்று குறைந்தால் வண்டி உருளாது, எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது, வேகம் வராவிட்டால் ஆபத்து இல்லை. இதுதான் அவர் கணக்கு. இத்தனைக்கும் அவர் தன் பஸ்ஸை எடுக்கும் முன் தினமும் ஒரு இரும்புக் கம்பியால் ஆறு சக்கரத்தையும் தட்டிப் பார்ப்பவர். ஒரு சக்கரம் மந்தமாகச் சத்தம் கொடுத்தால்கூட காற்றடிக்காமல் வண்டியை நகர்த்தமாட்டார். காற்று குறைந்த டயர் சூடேறும், பக்கம் கிழியும் என்று கிளீனர் பையனுக்கு நான் கேட்கவே பாடம் நடத்தியிருக்கிறார். அந்த டயர்கள் பஸ்ஸின் டயர்கள். வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்ததை அவர் டயராகவே பார்க்கவில்லை. மகளைப் பிடித்துக் கட்டி வைக்கிற கயிறாகப் பார்த்தார்.

பி.டி. சார் அதற்கு நேர் எதிராகச் சொன்னார். இந்த மாதிரி சைக்கிளுக்கு டயர் கல் போல இருக்க வேண்டுமாம். காற்று குறைந்தால் தரையில் படுகிற இடத்தில் டயர் நசுங்கி நசுங்கி எழும், நடுப்பகுதி நன்றாக இருந்தாலும் ரிம்முக்கு மேலே இருக்கும் மெல்லிய பக்கம் மடங்கி மடங்கி நைந்துவிடும் என்றாராம். அக்கா வந்து சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக அதைச் சொன்னாள்.

“அவரா வந்து ரோட்ல நிக்கப்போறாரு?” என்றார் அப்பா.

“இல்லப்பா, டயரு போயிடும்னு…”

“போனா போவட்டும். டயருதான போவும்?”

அப்பா வேலைக்குப் போன பிறகு அக்கா நினைத்தால் காற்றடித்துக்கொள்ளலாம். மாமா கொடுத்த பம்பு பரண்மேல் இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அந்த இளகிய சக்கரத்தில் மூச்சிரைக்க மிதித்துவிட்டு, முகமெல்லாம் சிவந்து, கால் நடுங்கத் திரும்பி வருவாள்.

அப்பாவின் இன்னொரு பாடம் ஹாரன். பின்னால் பெரிய வண்டி ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினால் கைப்பிடி வலது பக்கம் இழுத்துவிடும். தலை குனியாமல், சக்கரத்தை ஆட்டாமல், இடது ஓரமாக நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வண்டி தானாகத் தாண்டிப் போய்விடும். இதை எங்கள் தெருவிலேயே பழக்கினார். நான்தான் பஸ். அக்கா சைக்கிளில் முன்னால் போக, நான் பின்னாலேயே ஓடி “பாம் பாம்” என்று கத்த வேண்டும். ஒருமுறை நான் கீழே விழுந்துவிட்டதாக அலறினேன். அப்போதும் அக்கா திரும்பவில்லை. அப்பாவுக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

அக்கா ரோட்டில் இருக்கும் நேரம் அம்மா தறியில் இருப்பாள். கால் மிதிக்கும், நூல் கோத்த நாடா இப்படியும் அப்படியும் ஓடும், காது மட்டும் தெருவில் இருக்கும். தூரத்தில் எங்காவது பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் தறி நின்றுவிடும். வீட்டுப்பாட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தறி மறுபடி ஓடவேண்டும், ஓடவேண்டும் என்று ஜெபம் பண்ணுவேன். அக்கா வந்து சேர்ந்ததும் அம்மா ஒன்றும் நடக்காதது போல, “தோசை ஊத்தட்டுமா?” என்பாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒருநாள் அக்காவின் சைக்கிளைத் துடைக்கிற வேலை எனக்கு வந்தது. ஈரத்துணியால் பின்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தபோது துணி ஓரிடத்தில் எதிலோ மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தேன். டயரின் பக்கத்தில் கறுப்பு ரப்பர் உரிந்துபோய், உள்ளேயிருந்து நூல் நூலாக எட்டிப் பார்த்தது. டயருக்குள் நூல் இருக்கும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. வெளுத்த, மெல்லிய இழைகள். சில அறுந்து நின்றன. விரலை வைத்தால் அந்த இடம் மட்டும் தோல் உரிந்த புண் மாதிரி மெத்தென்றிருந்தது.

ஓடிப்போய் அம்மாவை அழைத்துவந்தேன். அம்மா நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, “இழ விட்டுடுச்சே” என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அப்பா வந்ததும் அவரிடமும் காட்டினேன். அவர் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

“புது டயரு சொல்லிட்டேன்பா, மாமா அனுப்புறேன்னிருக்காரு,” என்றாள் அக்கா. “இங்க எந்தக் கடையிலயும் இந்த சைசு கெடைக்காது.”

“அது வர்ற வரைக்கும் ஓட்டாத.”

“செலக்சன் வருதுப்பா.”

அப்பா அவளைப் பார்த்தார். அக்கா கெஞ்சவில்லை, அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றால் அப்பாவால் முடியாது. மறுபடி குந்தி உட்கார்ந்து வால்வைத் திருகினார். நைந்துபோன டயர் கொஞ்சக் காற்றைத்தான் தாங்கும், அதனால் இன்னும் குறைக்க வேண்டும் என்றார். உஸ்ஸென்ற சத்தம் அன்று எப்போதையும்விட நெடுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் கதவுக்குப் பின்னால் போவேன். இழைகள் கூடியிருக்கும். விரல் நகம் அளவு இருந்தது கட்டைவிரல் அளவாயிற்று. ஒவ்வொரு நாளும் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்க அதைவிடப் பயம். டயர் வரவில்லையா, டயர் வரவில்லையா என்று அக்காவைத் துளைத்து எடுப்பேன். “சும்மா பேஜார் பண்ணாதடி” என்று தலையில் தட்டுவாள். பார்சல் கிளம்பிவிட்டது என்றாள். எங்கோ வந்துகொண்டிருக்கிறது என்றாள்.

அது ஒரு சனிக்கிழமை. அப்பாவின் கம்பெனிக்கு அன்று லீவு. அவர் காலையில் உற்சாகமாக இருந்தார். எந்த ரோட்டில் போக வேண்டும் என்று அக்காவுக்கு அவர்தான் தினமும் சொல்வார். செய்யார் ரோடு பக்கமே போகக்கூடாது என்பது அவருடைய நிரந்தர உத்தரவு. கம்பெனி பஸ் ஒரு பக்கம், கரும்பு ஏற்றிய டிராக்டர் இன்னொரு பக்கம். ஆனால் ரோடு என்று பார்த்தால் அதுதான் வழவழவென்று இருக்கும்.

“இன்னிக்கு செய்யார் ரோட்ல போ. கம்பெனி லீவு. ஒரு பஸ்சும் வராது,” என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. அம்மா தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினாள்.

அவள் போய் அரை மணி நேரம் இருக்கும், அப்பாவுக்கு போன் வந்தது. லீவு நாளில்தானே வண்டிகள் சும்மா நிற்கின்றன, சர்வீசுக்குக் கம்பெனி ஷெட்டில் கொண்டுவந்து விடுங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். பஸ் எப்போதும் எங்கள் தெருக்கோடி மைதானத்தில்தான் நிற்கும். அப்பா சாவியை எடுத்தார். நானும் வருகிறேன் என்று அடம் பிடித்தேன். காலிப் பஸ்ஸில், முன்னால், கியருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது என்னுடைய நெடுநாள் ஆசை. “வழியில அக்காவப் பாக்கலாம்” என்று அப்பாவும் சிரித்தார்.

ஊரைத் தாண்டியதும் காற்று ஜில்லென்று அடித்தது. இரண்டு பக்கமும் நெல் கதிர் பிடித்திருந்தது. நான் ஹாரன் அடிக்கட்டுமா என்று கேட்டேன், ஒருமுறை அடிக்க விட்டார். அது எலும்பு வரைக்கும் அதிரும் ஹாரன்.

கொஞ்ச தூரம் போனதும் ரோடு ஒரு ஏரிக்கரைமேல் ஏறும். அந்த இடத்தில் மண் ஓரமே கிடையாது. தார் முடிகிற இடத்தில் கரை முடிந்துவிடும். வலது பக்கம் நிரம்பித் தளும்பும் தண்ணீர். இடது பக்கம் ஆளுயரத்துக்குப் பள்ளம், பள்ளம் முழுக்க வேலிக்காத்தான் முள். ஒரு பஸ்ஸும் ஒரு டிராக்டரும் எதிரெதிரே வந்தால் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒதுங்க வேண்டும்.

கரை ஏறியதுமே அக்கா தெரிந்தாள். மஞ்சள் பனியன், கறுப்புத் தொப்பி. முதுகை வளைத்து ஒழுங்காக இடது ஓரத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

“அப்பா, அக்கா!” என்று துள்ளினேன். பிறகு பார்த்தேன். “ஏம்பா அக்கா குதிச்சு குதிச்சுப் போறா?”

உண்மையாகவே குதித்தாள். நிதானமாக, ஒரே சீராக, சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒருமுறை. ரோட்டில் பள்ளம் இல்லை, கல் இல்லை. வழவழப்பான தாரின்மேல் அவளுடைய இடுப்பு எம்பி எம்பி இறங்கியது.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“டயரு வீங்கிடுச்சு,” என்றார். என்னிடம் சொன்னது போல் இல்லை. “பக்கம் பிச்சுகினு டியூபு வெளிய வந்துடுச்சு. வெடிக்கப்போவுது. ஐயோ, வெடிக்கப்போவுது.”

அவர் கை ஹாரனுக்குப் போனது.

அந்த நிமிஷத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் செய்தது வேறு எதுவாகவும் இருந்திருக்க முடியாது. நிறுத்து என்று சொல்ல அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அடித்தார். அக்கா நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் தலை அசையவில்லை, சக்கரம் ஆடவில்லை, நேராக, ஓரமாக, சொல்லிக்கொடுத்தபடியே போனாள்.

“திரும்பும்மா, திரும்பிப் பாரு!” என்று அப்பா கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினார். மறுபடி அடித்தார். விடாமல் அடித்தார்.

அக்காவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது அப்பா இல்லை. லீவு நாளில் எங்கிருந்தோ முளைத்த ஒரு பஸ், ஒதுங்கவே இடமில்லாத கரைமேல், வெறிபிடித்ததுபோல் ஹாரன் அடித்துக்கொண்டு தன்னைத் துரத்துகிறது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கரை முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் இறங்கி ஒதுங்கலாம். அவள் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தாள். குதிப்பு வேகமாயிற்று. டக், டக், டக் என்று எனக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. அப்பா ஹாரனை அழுத்த அழுத்த அவள் பறந்தாள். அந்த இளகிய சக்கரத்தில் அவளால் அவ்வளவு வேகம் போக முடியும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடி வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் வெடித்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். தீபாவளி வெடி மாதிரி ஒரே ஒரு சத்தம். உடனே எங்கள் பஸ்ஸின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. என் நெற்றி முன்னாலிருந்த கம்பியில் மோதியது. எல்லாம் நின்றது.

கண்ணைத் திறந்தால் முன்னால் அக்கா இல்லை. டிராக்டர் எங்களை ஒட்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் கரும்புத் தோகைகள் எங்கள் கண்ணாடியைச் சரசரவென்று உரசின. அப்பா ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. “அப்பா” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அவர் விரல்கள் ஸ்டீரிங்கிலிருந்து பிரியவே மாட்டேன் என்றன. பஸ்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவரால் முடியவில்லை என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு அவர் செத்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது கீழே பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“யோவ்! கண்ணு தெரியல உனுக்கு? ஓரமாதான போய்கினு இருந்தேன்? இன்னாத்துக்கு அப்டி அடிச்ச? எறங்குய்யா கீழ!”

அக்காவின் குரல்தான். அழுகையும் ஆத்திரமும் கலந்து கீச்சிட்டது.

“எங்கப்பா யார் தெரியுமா? அவரும் கம்பெனி பஸ்தான் ஓட்டுறாரு. அவரு ஒருநாள் இப்டி ஓட்டுவாராய்யா? அவர்கிட்ட சொன்னேன்னா உன்ன இன்னா பண்ணுவாரு தெரியுமா?”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். சைக்கிள் எங்கள் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் மல்லாந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கிழிந்த டயரின் இழைகள் தாடி மாதிரி தொங்கின. அக்கா பள்ளத்தில், வேலிக்காத்தான் முள்ளுக்குள், ஒரு கையால் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் முள் கீறி ரத்தம். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நிறுத்தினாள். நான் எப்படி அங்கே வந்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து பஸ்ஸின் கண்ணாடியைப் பார்த்தாள்.

தோளைப் பிடித்திருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா இறங்கி வந்தார். செருப்பு இல்லை. எங்கே கழன்றதோ. முள்ளுக்குள் வெறுங்காலோடு நடந்து அவளைத் தூக்கினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்காவை நீள சீட்டில் படுக்கவைத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி உள்ளே போட்டார். கரை முடிந்த இடத்தில் பஸ்ஸைத் திருப்பி ஆரணி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மாட்டு வண்டி போகிற வேகம். வழியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மேய்க்கிறவர் தானாகப் பார்த்து ஓட்டும்வரை அப்பா காத்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை.

நான் அக்காவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். “நீ வாயத் தொறக்கக்கூடாது. யாருகிட்டயும். அம்மாகிட்டயும்.”

தோள் எலும்பு முறிந்திருந்தது. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். சேலையெல்லாம் பட்டு நூல் ஒட்டியிருந்தது. தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, “இன்னா ஆச்சு? எப்டி ஆச்சு?” என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“மாடு குறுக்க வந்துடுச்சும்மா. ஹேண்டில ஒடிச்சுத் திருப்பினேன், டயரு வெடிச்சிடுச்சு. கரைல யாருமே இல்ல. நல்லவேளை பின்னாடியே அப்பா வந்தாரு.”

அம்மா அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கர்த்தர்தாங்க உங்கள அந்நேரத்துக்கு அங்க அனுப்பிச்சாரு” என்று அழுதாள். அப்பா கையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். வராந்தாவில் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றிருந்தார். தண்ணீர் அது பாட்டுக்குப் போனது. அவர் கையை நீட்டவே இல்லை.

அந்த வருஷத்து அணித் தேர்வு அக்காவுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் போனாள், அணியிலும் சேர்ந்தாள். மாமா அனுப்பிய புது டயரை மாட்டியதும் அப்பாதான் பரணிலிருந்து பம்பை இறக்கினார். பம்பின் மீட்டர் முள் எவ்வளவு காட்ட வேண்டும் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு, கல் மாதிரி ஆகும்வரை அடித்துக் கொடுத்தார். அடித்து முடித்ததும் உள்ளே போய்விடுவார். அவள் கிளம்புவதை அவர் நின்று பார்த்ததில்லை. இதெல்லாம் பிற்பாடு.

நான் சொல்ல வந்தது விபத்துக்கு எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடியும் சமயத்தில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். அம்மா எழுந்து முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் போனாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என் பெரிய பொண்ணு சாவுற எடத்துக்குப் போய்ட்டு வந்தா. அந்த எடத்துல ஒரு காக்கா குருவி இல்ல. அவங்கப்பாவுக்கு அன்னிக்கு லீவு. வரவேண்டிய வேலையே இல்ல. ஆனா கர்த்தர் ஒரு போன போட வச்சி, அவர எழுப்பி, எம்பொண்ணு பின்னாடியே அனுப்பி வச்சாரு…”

“ஸ்தோத்திரம்” என்று சபை முழுக்க எழுந்தது. கோயிலில், மைக்கில், அம்மா பொய் சொல்கிறாள். அவளுக்கே தெரியாமல் சொல்கிறாள். கடவுள் இதற்கு யாரைத் தண்டிப்பார், சொன்ன அம்மாவையா, சொல்லிக்கொடுத்த அக்காவையா, தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிற என்னையா? தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி கழன்று விழும் என்றே எதிர்பார்த்தேன். அக்கா என் பக்கத்தில், கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆண்கள் உட்காரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே அப்பா முன்பெஞ்சின் முதுகில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நன்றியில் அழுகிறார் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்.

எனக்கு மட்டும் அவர் எதற்காக அழுதார் என்று தெரியும் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். பெற்ற தகப்பனை நடு ரோட்டில் “யோவ்” என்று கூப்பிட்டவளை எந்தத் தகப்பன் பொறுப்பான்? அது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்துதான் அக்கா மாட்டைக் கொண்டுவந்தாள். கை கட்டில் இருக்கிறதே என்றுதான் அப்பா அடக்கிக்கொண்டிருக்கிறார். கட்டைப் பிரிக்கிற அன்று அவளுக்கு இருக்கிறது என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கட்டைப் பிரித்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு அன்று எவ்வளவோ நிம்மதியாக இருந்தது.